வீதிக்கும் வயலுக்கும் ஏற்ற ஜீ.பி.எஸ். கருவியைத் தெரிவுசெய்தல்

முன்னுரை

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரருக்கு இருவகைப் பயணங்கள் உள. விளைபொருளை லொறியிலேற்றிச் சந்தைக்குக் கொண்டுசெல்வதும் விதை, பசளை முதலியவற்றை வாங்கி வருவதும் ஒருவகை. வயல்வரம்பு, குளக்கட்டு, காட்டோரம் ஆகிய இடங்களிற் கால்நடையாகச் செல்வது மற்றொருவகை. இவ்விரண்டிலும் ஒருவர் நிற்கும் இடத்தை அறிவிப்பதற்கு ஜீ.பி.எஸ். கருவி இக்காலத்திற் பயன்படுகின்றது. காணியின் பரப்பளவை அறிவதற்கும் அதனைக் கமக்காரர் பலர் கைக்கொள்ளத் தொடங்கியுள்ளனர்.

ஒரே கருவியை வாங்கி இவ்வேலைகள் எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம் என்பது பலரின் எண்ணம். அது முற்றிலும் முடியாததன்று. ஆயினும், வீதிக்கென ஆக்கப்பட்ட கருவியும் நடைக்கென ஆக்கப்பட்ட கருவியும் தம்முள் வேறுபட்டவை. இவ்வேறுபாட்டை அறியாது வாங்குவோர் பணத்தை இழப்பர். அதனினும் பெரிய நட்டம், பிழையான பரப்பளவை நம்பிப் பசளையையும் பீடைநாசினியையும் அளவு தவறி இடுவதனால் உண்டாகும். ஆதலின், கருவி இயங்கும் முறையையும் அதனைத் தெரிவுசெய்யும் முறையையும் கமக்காரர் அறிந்திருத்தல் வேண்டும்.

கருவி இயங்கும் முறை

ஜீ.பி.எஸ். என்பது ஐக்கிய அமெரிக்க அரசினால் நடத்தப்படும் ஒரு செய்மதித் தொகுதியாகும். இதன் முதலாவது செய்மதி 1978 ஆம் ஆண்டில் ஏவப்பட்டது. 1995 ஆம் ஆண்டில் தொகுதி முழு அளவில் இயங்கலாயிற்று. நிலத்திலிருந்து ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் 24 இற்குக் குறையாத செய்மதிகள் பூமியை நாளொன்றுக்கு இருமுறை சுற்றிவருகின்றன. ஒவ்வொன்றிலும் மிகத் திருத்தமான அணுக் கடிகாரம் உண்டு.

செய்மதி தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் வானொலி அலைமூலம் இடைவிடாது அறிவிக்கின்றது. கையிலுள்ள கருவி அவ்வலையைப் பெற்று, அது வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு செய்மதியின் தூரத்தைக் கணிக்கின்றது. அலை ஒரு செக்கனில் ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். எனவே, நேரக் கணிப்பிற் செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு தவறினும் தூரம் 300 மீற்றர் தவறும். கருவியிலுள்ள சாதாரண கடிகாரம் அத்துணைத் திருத்தமானதன்று. அப்பிழையை நீக்குவதற்காகவே மூன்று செய்மதிகளுக்கு மேலாக நான்காவது செய்மதியொன்றின் அலையும் வேண்டப்படுகின்றது.

பொதுமக்கள் பெறும் அலையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை 2000 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. அதற்குமுன் 100 மீற்றர் வரை தவறக்கூடியதாயிருந்த கருவி, இப்பொழுது திறந்த வெளியில் ஏறக்குறைய 5 மீற்றருக்குள் இடத்தைக் காட்டும். ருசியாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய தொகுதிகளின் அலைகளையும் பெறும் கருவிகள் உள. மரநிழலிலும் மலையிடுக்கிலும் வானத்தின் ஒரு பகுதியே தெரியுமாதலால், பல தொகுதிகளைப் பெறும் கருவி அவ்விடங்களிற் கூடிய பயன் தரும்.

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படும்.

1. கருவி திறந்த வானத்தின் கீழ் இருத்தல் வேண்டும். தகரக் கூரையின் கீழும் அடர்ந்த மரங்களின் கீழும் அதன் திருத்தம் குறையும்.

2. செய்மதி அலையைப் பெறுவதற்குக் கட்டணமோ தொலைபேசித் தொடர்போ வேண்டியதில்லை.

3. கருவி அலையைப் பெறுவதன்றி அனுப்புவதில்லை. ஆதலின், சாதாரண கருவி கையிலிருப்பதனால் மாத்திரம் வழிதவறியவரைப் பிறர் கண்டுபிடித்தல் இயலாது.

மூவகைக் கருவிகள்

(அ) வண்டிக் கருவி: இது வண்டியின் முன்கண்ணாடியருகே பொருத்தப்படுவது. திரை பெரிது. திரும்ப வேண்டிய சந்திகளைக் குரலாற் சொல்லும். வண்டியின் மின்சாரத்தில் இயங்குமாறு ஆக்கப்பட்டிருப்பதால், கழற்றியெடுத்தால் இதன் உள்மின்கலம் பெரும்பாலும் ஒரு மணி நேரமளவே தாங்கும். மழையையும் சேற்றையும் தாங்காது. இன்னொரு குணமும் கவனிக்கத்தக்கது. கணித்த இடம் வீதிக்குச் சற்று வெளியே விழுந்தாலும், வண்டி வீதியிலேயே செல்கின்றது எனக் கொண்டு, திரையில் அதனை வீதியின்மேல் இழுத்துக் காட்டும். வீதியில் இது நன்மை. வீதியை அடுத்த வயலில் நிற்பவருக்கோ அதுவே பிழையாகும்.

(ஆ) கைக் கருவி: இது நடந்து செல்வோருக்கென ஆக்கப்பட்டது. திரை சிறிது, ஆயினும் கடும் வெயிலிலும் தெளிவாகத் தெரியும். பொத்தான்களால் இயக்கப்படுவதால் ஈரக் கையாலும் சேற்றுக் கையாலும் இயக்கலாம். இரண்டு டபிள் ஏ மின்கலங்களில் 25 மணி நேரம் வரை இயங்கும் வகைகள் உள. சென்ற வழியைப் பதிந்து, அவ்வழியே திரும்பிவர உதவும். சுற்றி நடந்த காணியின் பரப்பளவைக் கணிக்கும் வசதியும் பலவற்றில் உண்டு. குறை யாதெனில், வீதிப்படம் உட்புகுத்தப்படாத வகைகள் சேரவேண்டிய இடத்தை நேர்கோட்டிலேயே காட்டும். இடையிலுள்ள குளத்தையும் ஆற்றையும் அவை பொருட்படுத்தா.

(இ) கையடக்கத் தொலைபேசி: இக்காலத் தொலைபேசிகள் பலவற்றிற் செய்மதி அலையைப் பெறும் பகுதி உண்டு. வீதிப் பயணத்திற்கு இது மிக வசதியானது. தொலைபேசித் தொடர்பு இல்லாத இடத்திலும் இடத்தைக் கணிக்கும். ஆனாற் படத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்திராவிடின், வெறுந் திரையில் ஒரு புள்ளியே தெரியும். தொடர்பு இல்லாவிடின் முதல்முறை இடத்தைக் கணிப்பதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். வெயிலிற் சூடேறுதல், ஈரக் கைக்குத் திரை இணங்காமை, மின்கலம் விரைவில் இறங்குதல் ஆகியன வயலில் இதன் குறைகள்.

எதனைத் தெரிவுசெய்வது?

இரண்டு வேலைகளுக்கும் ஒன்றை வாங்குவோர், எந்த வேலையிற் கருவி தவறினால் நட்டம் பெரிது என்பதை முதலில் எண்ணிப்பார்த்தல் வேண்டும். கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி கொண்டுசெல்லும் லொறிக்குப் பெரும்பாலும் ஏ-9 வீதி ஒன்றே போதும். அவ்வீதியிற் கருவி நின்றுபோனாலும் மைற்கற்களும் பெயர்ப்பலகைகளும் கடைக்காரரும் உளர். அரை மணி நேரம் வீணாவதன்றிப் பெருங்கேடு நேராது. காட்டோரத்தில் மாலைப்பொழுதில் மாடு தேடிச் செல்பவருக்கு வழிகேட்க ஆளில்லை. யானை நடமாடும் இடமாயின் தாமதமே ஆபத்தாகும்.

ஆதலின், ஒரே கருவிதான் வாங்கக்கூடும் என்போர் வயலுக்கும் நடைக்கும் ஏற்றதை வாங்கி, அதில் வீதிப்படம் புகுத்தக்கூடிய வசதி உண்டா எனப் பார்த்தல் நன்று. கையில் ஏற்கெனவே தொலைபேசி உள்ளவர் வீதிக்கு அதனையே பயன்படுத்தலாம். அவருக்குத் தனி வண்டிக் கருவி வேண்டியதில்லை. நாள்தோறும் புதிய ஊர்களுக்குப் பாரம் ஏற்றிச் செல்வோருக்கே பெரிய திரையுள்ள வண்டிக் கருவி பயன்படும். காணி ஒன்றிரண்டு ஏக்கராகவும் வீட்டருகேயும் உள்ளவர் புதிதாக எதனையும் வாங்குமுன், தம்மிடமுள்ள தொலைபேசியைக் கொண்டு ஒரு போகம் முழுவதும் பழகிப்பார்த்தல் சிக்கனமாகும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. நீர்காப்பு: ஐ.பி.எக்ஸ். 7 எனக் குறிக்கப்பட்ட கருவி ஒரு மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் பழுதடையாதவாறு ஆக்கப்பட்டது. வாய்க்காலில் விழக்கூடிய கருவிக்கு இக்குறி இன்றியமையாதது.

2. மின்கலம்: ஊர்க்கடையில் வாங்கி மாற்றக்கூடிய மின்கலமா, மின்னேற்ற வேண்டிய மின்கலமா எனப் பார்த்தல் வேண்டும். மின்வசதி இல்லாத வாடியில் இரவு தங்குவோருக்கு முன்னையது நன்று.

3. வண்டியின் மின்னழுத்தம்: மோட்டார்க் காரில் 12 வோல்ற்றும் பெரிய லொறிகள் பலவற்றில் 24 வோல்ற்றும் உண்டு. மின்னேற்றியில் 12 முதல் 24 வரை எனக் குறிப்பு இருத்தல் வேண்டும். 12 இற்கு மாத்திரம் உரியதை லொறியிற் பொருத்தினாற் கருவி பழுதடையக்கூடும்.

4. படம்: இலங்கையின் வீதிப்படம் உள்ளதா, அதனைப் புதுப்பிப்பதற்குக் கட்டணம் உண்டா என விசாரித்தல் வேண்டும். தமது ஊரின் ஒழுங்கைகள் அதில் உள்ளனவா என்பதைக் கடையிலேயே பார்க்கலாம்.

5. அளவை: ஏக்கர், ஹெக்டயர், சதுர மீற்றர் ஆகியவற்றுள் எதிற் பரப்பளவைக் காட்டும் என அறிதல் வேண்டும். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீற்றர், அல்லது 160 பேர்ச்சு. ஒரு ஹெக்டயர் ஏறக்குறைய 2.47 ஏக்கர்.

6. சோதனை: பரப்பளவு திட்டமாகத் தெரிந்த ஒரு காணியைச் சுற்றி மூன்றுமுறை நடந்து பார்த்தல் வேண்டும். மூன்று விடைகளும் ஒன்றுக்கொன்று அண்மையாகவும் உண்மையான அளவுக்கு அண்மையாகவும் இருக்கும் கருவியே நல்லது.

பரப்பளவை அளக்கும் முறை

கருவியைத் திறந்த வெளியில் ஐந்து நிமிடமேனும் இயங்கவிட்ட பின்னரே அளத்தல் தொடங்க வேண்டும். கருவியை உடலால் மறைக்காது உயர்த்திப் பிடித்து, பயிர் நிற்கும் எல்லையை ஒட்டி ஒரே சீராக நடந்து, தொடங்கிய இடத்திலேயே முடித்தல் வேண்டும். புற வரம்பின் வெளியோரமாக நடந்தால் வரம்பின் பரப்பும் விடையிற் சேர்ந்துவிடும்.

கருவி காட்டும் இடம் முழுவதும் ஒரே திசையில் ஒரே அளவாக விலகியிருப்பின் காணியின் உருவம் மாறாது. ஆதலாற் பரப்பளவும் மாறாது. நடக்கும்போது விலகல் இங்குமங்குமாக மாறினாலே பரப்பளவு தவறும். அத்தவறு சிறு காணியிற் பெரிதாகும். இதனைப் பின்வரும் கணக்கினால் அறியலாம்.

சதுரமான காணியொன்றின் நீளமும் அகலமும் ஒவ்வொன்றும் 2 மீற்றர் கூடுதலாகப் பதியப்பட்டனவெனக் கொள்வோம். 5 ஏக்கர் வயலிற் பக்கம் 142.2 மீற்றர். விடை நூற்றுக்கு ஏறக்குறைய 3 வீதமே கூடும். ஓர் ஏக்கரிற் பக்கம் 63.6 மீற்றர். விடை நூற்றுக்கு 6 வீதம் கூடும். 10 பேர்ச்சு மிளகாய்த் தோட்டத்திற் பக்கம் 15.9 மீற்றர். அதன் உண்மைப் பரப்பு 253 சதுர மீற்றராக, கருவியோ 320 சதுர மீற்றர் எனக் காட்டும். இது நூற்றுக்கு 27 வீதம் அதிகம்.

இவ்விடையை நம்பிப் பசளை இடுபவர் நான்கு பங்குக்கு ஐந்து பங்கிற்கு மேல் இடுவார். பீடைநாசினியாயின் பணநட்டத்தோடு, விளைபொருளில் நஞ்சு தங்குவதற்கும் இடமுண்டு. எனவே, ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட வயலைக் கருவியினால் அளக்கலாம். மரக்கறிப் பாத்திகளையும் நாற்றுமேடைகளையும் அளவுநாடாவினாலேயே அளத்தல் வேண்டும்.

மலைநாட்டிற் சரிவான நிலத்தில் மரக்கறி செய்வோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். கருவி நிலத்தின் கிடைப்பரப்பையே கணிக்கின்றது. 30 பாகைச் சரிவில் நிலத்தின்மேற் பரப்பு கிடைப்பரப்பிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 15 வீதம் அதிகம். சரிவு வழியே நாடாப் பிடித்துப் பெற்ற அளவு கருவியின் அளவோடு ஒவ்வாதிருப்பின், அது கருவியின் பழுதன்று.

எல்லைக்கு இக்கருவி ஆகாது

5 மீற்றர் தவறக்கூடிய கருவியைக் கொண்டு அயற்காணியின் எல்லையைத் தீர்மானித்தல் கூடாது. ஒரு வரம்பின் அகலம் அரை மீற்றரளவே. கருவி அவ்வரம்பின் இப்புறத்தையும் அப்புறத்தையும் வேறுபடுத்திக் காட்டமாட்டாது. திரையிற் கண்ட கோட்டை நம்பி எல்லைக்கல்லைப் பெயர்த்தல் வழக்குக்கும் பகைக்கும் வழியாகும். எல்லை பற்றிய ஐயத்தை உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டே தீர்த்தல் வேண்டும்.

நில அளவைத் திணைக்களத்தின் பழைய படங்களை வைத்திருப்போர், அப்படங்களின் அளவை அடிப்படையும் ஜீ.பி.எஸ். கருவியின் அடிப்படையும் ஒன்றல்ல என்பதை மனங்கொள்ளல் வேண்டும். கருவியில் உரிய மாற்றம் செய்யாது ஒப்பிடின், இடம் சில நூறு மீற்றர் விலகித் தோன்றலாம்.

இடத்தைப் பிறருக்கு அறிவித்தல்

வயலில் ஒருவரைப் பாம்பு தீண்டினால், நோயாளியை விரைவில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே முதற் கடமை. 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்சை அழைப்பவர் தாம் நிற்கும் இடத்தைத் தெளிவாகச் சொல்லக்கூடியவராயிருத்தல் வேண்டும். ஆதலின், ஒவ்வொரு வயலுக்கும் வண்டி வரக்கூடிய மிக அண்மையான இடத்தை முன்கூட்டியே கருவியிற் பதிந்து, அதன் வீதிப் பெயரோடும் அடையாளத்தோடும் அகலாங்கு நெட்டாங்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி வாடியில் ஒட்டிவைத்தல் நன்று.

எண்களைச் சொல்லும்போது வடிவம் தவறலாகாது. 9.50 பாகை என்பது 9 பாகை 30 கலையாகும். இதனை 9 பாகை 50 கலை எனப் பிழையாகப் படித்தால், இடம் வடக்கே 37 கிலோமீற்றர் விலகும். ஆனையிறவுப் பகுதியிலுள்ள இடம் பருத்தித்துறையின் அகலாங்குக்குப் போய்விடும். குடும்பத்தார் அனைவரும் ஒரே வடிவத்தில் எழுதவும் படிக்கவும் பழகுதல் வேண்டும். தசம வடிவத்தில் எழுதுவோர் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதினாற் போதும். ஐந்தாவது இலக்கம் ஏறக்குறைய ஒரு மீற்றரைக் குறிக்கும்.

பயணத்திற் கைக்கொள்ள வேண்டிய விதிகள்

1. சேரவேண்டிய இடத்தை வண்டி புறப்படுமுன்னரே குறித்துக்கொள்ளல் வேண்டும். ஓட்டும்போது கருவியைத் தொடலாகாது.

2. கருவி காட்டும் குறுக்குவழி லொறிக்கு ஏற்றதென எண்ணலாகாது. பாரம் ஏற்றிய லொறியைச் சிறு பாலம் தாங்குமோ, மாரிகாலத்திற் தாம்போதியின்மேல் வெள்ளம் பாய்கின்றதோ என்பதைக் கருவி அறியாது. ஊராரைக் கேட்டறிந்தே செல்லல் வேண்டும்.

3. காட்டோரம் செல்வோர் புறப்படும் இடத்தைப் பதிந்து, வழிப்பதிவைத் தொடக்கி, செல்லும் திசையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாருக்குச் சொல்லிச் செல்லல் வேண்டும்.

4. வடபகுதியிற் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நாட்டிய நிலத்தினுள், கருவி நேர்வழி காட்டினாலும் காலடி வைக்கலாகாது.

5. மாற்று மின்கலங்களை ஈரம் படாத உறையில் எடுத்துச்செல்லல் வேண்டும். கருவியை நெடுநாட் பயன்படுத்தாதபோது, கழற்றக்கூடிய மின்கலங்களைக் கழற்றிவைத்தால் அவை கசிந்து கருவியை அரிக்கா.

முடிவுரை

வீதிக்கும் வயலுக்கும் ஒருங்கே சிறந்த கருவி கிடைத்தல் அரிது. வீதியிற் குறை நேர்ந்தாற் கேட்டறியலாம். வயலிலும் காட்டிலும் அவ்வாறு இயலாது. எனவே, நடைக்கு உறுதியான கருவியை முதலிலும் வீதி வசதியை இரண்டாவதாகவும் கருதித் தெரிவுசெய்தல் வேண்டும். பெரிய வயலைக் கருவியாலும் சிறு தோட்டத்தை நாடாவாலும் அளந்து, எல்லைக்கு நில அளவையாளரை நாடும் கமக்காரர், விதையையும் பசளையையும் பீடைநாசினியையும் வீணாக்காது, அயலாரோடு பிணக்குமின்றி, கருவிக்குச் செலவிட்ட பணத்தின் முழுப் பயனையும் பெறுவர்.